பழைய ஆர்பிஜி கேம்களைத் தனியாகவும் கூட்டாகவும் ஆட: ஐந்து சனிக்கிழமைகளை வீணடித்தவன் எழுதும் வழிகாட்டி

போன ஐப்பசியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் ஆடும் கேம்) ஆடுவது என்று முடிவெடுத்தோம். நான் தாம்பரம். கல்லூரித் தோழன் ஒருவன் அண்ணா நகர், இன்னொருவன் பெரம்பூர், என் சித்தி மகள் சோழிங்கநல்லூர். ஆட்டம் ஒழுங்காக நகரத் தொடங்குவதற்குள் ஐந்து சனிக்கிழமைகள் கரைந்துவிட்டன. கேமுக்குள் வாங்கிய அடி கொஞ்சம்தான், வெளியே வாங்கியதுதான் அதிகம். ஓடாத டிஸ்க், போகாத கார்டு, இணையாத இணையம், தொலைந்த சேவ் (ஆட்டத்தைச் சேமித்த கோப்பு). இதையெல்லாம் நீங்களும் பட வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

பழைய ஆர்பிஜி என்று நான் சொல்வது சுமாராக 1997 முதல் 2002 வரை வந்தவற்றை. மேலிருந்து பார்க்கும் வரைபடம், ஆறு பேர் கொண்ட கூட்டம், பக்கம் பக்கமாகப் பேச்சு, நடுவில் நிறுத்தி யோசித்துச் சண்டை போடும் வகை.

1. ஆட்களைப் பார்த்து கேமைத் தேர்ந்தெடுங்கள்

தனியாக ஆடப் போகிறீர்களா, கூட்டாகவா? இதற்குப் பதில் தெரியாமல் காசு போடாதீர்கள். ஃபால்அவுட் (1997), ஃபால்அவுட் 2 (1998), பிளேன்ஸ்கேப் டார்மெண்ட் (1999) மூன்றும் ஒருவர் மட்டுமே ஆடக்கூடியவை. எங்களில் பெரம்பூர்க்காரன் ஆர்வக்கோளாறில் டார்மெண்டை வாங்கிவிட்டு, "எப்படா சேரலாம்?" என்று கேட்டான். சேரவே முடியாது.

பால்டர்ஸ் கேட் (1998), அதன் இரண்டாம் பாகம் (2000), ஐஸ்விண்ட் டேல் (2000) ஆகியவற்றில் ஆறு பேர் வரை சேர்ந்து ஆடலாம். நெவர்விண்டர் நைட்ஸில் (2002) இன்னும் பலர் சேரலாம். நண்பர்களில் ஒருவர் கதை நடத்துபவராக உட்கார்ந்து, மற்றவர்கள் ஆட ஆட அரக்கர்களை இறக்கிவிடவும் அதில் வழி உண்டு. அது சுவையான விஷயம்தான், ஆனால் முதல் முயற்சிக்கு வேண்டாம். அதை நடத்துபவருக்கு வேலை அதிகம்.

கூட்டாக ஆடப் புதிதாக வருபவர்களுக்கு ஐஸ்விண்ட் டேல்தான் என் தேர்வு. பால்டர்ஸ் கேட்டில் ஒரே ஒரு கதாநாயகன். அவன் ஹோஸ்ட் செய்பவரின், அதாவது தன் மெஷினிலிருந்து ஆட்டத்தை நடத்துபவரின், ஆள். கதையும் அவனைச் சுற்றியேதான். மற்ற மூன்று பேரும் கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழர்களைப் போல நிற்க வேண்டியதுதான். ஐஸ்விண்ட் டேலில் ஆறு பேரையும் நீங்களே உருவாக்குகிறீர்கள், எல்லாரும் சமம். பேச்சு குறைவு, சண்டை அதிகம். நான்கு பேர் என்றால் இரண்டு பேருக்கு ஆளுக்கு இரண்டு பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்துவிடலாம்.

இன்னொன்று: இவை எதிலும் தமிழ் கிடையாது. ஆங்கிலத்தில் நிறைய வாசிக்க வேண்டியிருக்கும். டார்மெண்ட் ஒரு தடித்த நாவலைப் படிப்பதற்குச் சமம். வாசிப்பு சலிப்புத் தட்டும் நண்பரை அதற்கு இழுக்காதீர்கள்.

2. புதிதாக மெஷின் வாங்காதீர்கள்

அலுவலக வேலைக்கு வாங்கிய சாதாரண லேப்டாப்பே போதும், தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. ஒவ்வொரு கேமுக்கும் 10 ஜிபி இடம் காலியாக இருந்தால் தாராளம். அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் மட்டும் போடாதீர்கள், அங்கே கேம் போடுவது விதிமீறலாக இருக்கலாம்.

வாங்க வேண்டியவை மூன்று. ஒரு மவுஸ், 400 முதல் 600 ரூபாய்க்குள். டச்பேடில் ஆறு பேரை நகர்த்துவது மணிக்கட்டுக்குக் கேடு. மைக் உள்ள ஒரு ஹெட்செட். அப்புறம் ரூட்டரிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு லேன் கேபிள். மூன்றுமே ரிச்சி தெருவில் கிடைக்கும். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடை தூரம், பார்க்கிங் தொல்லை இல்லை. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பில் கேளுங்கள். "பில் வேணும்னா ஜிஎஸ்டி தனி" என்பார்கள். வாரண்டி உள்ள பொருளுக்குப் பில் இல்லாமல் வாங்கினால் ஆறு மாதம் கழித்து நீங்கள்தான் வருந்துவீர்கள்.

3. பழைய டிஸ்க்கை மறந்துவிடுங்கள்

நான் இங்கேதான் 1,400 ரூபாயையும் முதல் சனிக்கிழமையையும் விட்டேன். மாமா வீட்டுப் பரணில் ஒரு பெட்டி நிறைய 2000களின் சிடிகள். லேப்டாப்பில் டிரைவ் இல்லை என்பதால் யூஎஸ்பியில் மாட்டும் டிவிடி டிரைவ் ஒன்றை வாங்கி வந்தேன். இன்ஸ்டால் ஆனது, திறக்கவில்லை. அந்தக் காலத்துப் பல டிஸ்குகளில் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பு இருக்கும். விண்டோஸ் 10 வந்ததிலிருந்து அதற்கான டிரைவர் கிடையாது. டிஸ்க் அசலாகவே இருந்தாலும் ஓடாது. டிரைவ் விற்ற கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்றார். அவர் மேல் என்ன தப்பு, டிரைவ் நன்றாகத்தானே வேலை செய்கிறது.

4. வாங்குவது: கார்டு, யூபிஐ, ரீஃபண்ட்

சட்டப்படி வாங்க இரண்டு இணையக் கடைகள் போதும்: ஸ்டீம், ஜிஓஜி. பால்டர்ஸ் கேட், ஐஸ்விண்ட் டேல், நெவர்விண்டர் நைட்ஸ் மூன்றுக்கும் புது விண்டோஸில் ஓடும்படி திருத்திய ‘என்ஹான்ஸ்ட் எடிஷன்’ உண்டு. அதையே வாங்குங்கள். கூட்டாக ஆட ஆளுக்கு ஒரு பிரதி வேண்டும், நால்வரும் தனித்தனியே வாங்க வேண்டும்.

ஸ்டீமில் விலை ரூபாயில் இருக்கும், யூபிஐயில் கட்டலாம். முதல் முறை வாங்குபவர்களுக்கு அதுதான் சுலபம். ஜிஓஜியில் வாங்கினால் இன்ஸ்டாலர் கோப்பையே இறக்கி ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம். பிறகு இணையமோ கணக்கோ இல்லாமலும் போட முடியும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

வெளிநாட்டுக் கரன்சியில் கட்ட நேர்ந்தால் கார்டு மறுக்கப்படலாம். 2020 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்தே வரும். வங்கிச் செயலியில் கார்டு அமைப்புகளுக்குப் போய் நீங்கள்தான் அதை இயக்க வேண்டும். வரம்பை இரண்டாயிரம் ரூபாய்க்கு வைத்து, வாங்கி முடித்ததும் திரும்ப அணைத்துவிடுங்கள். பொதுவாக வங்கிகள் 2 முதல் 3.5 சதவீதம் வரை கரன்சி மாற்றுக் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிக்கும். திரையில் தெரிந்த விலையைவிட வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியில் தொகை கூடுதலாக இருந்தால் பதறாதீர்கள்.

அவசரப்படவும் வேண்டாம். ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் ஸ்டீமில் பெரிய தள்ளுபடி வரும். இந்தப் பழைய கேம்கள் பாதி விலைக்கும் கீழே இறங்குவது வழக்கம்.

ரீஃபண்ட் விதி முக்கியம். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். ஜிஓஜியில் 30 நாள். இந்த வகை கேமில் பாத்திரம் உருவாக்கவே ஒன்றரை மணி நேரம் போய்விடும் என்பதால் ஸ்டீமின் 2 மணி நேரம் கண் மூடித் திறப்பதற்குள் தீரும். முதலில் அப்படியே தொடங்கி, ஓடுகிறதா, எழுத்து படிக்க முடிகிறதா, ஒலி வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, அப்புறம் நிதானமாகப் பாத்திரத்துக்கு மீசை வரையுங்கள்.

வாங்கியதும் மூன்றைப் பத்திரப்படுத்துங்கள்: ரசீது மின்னஞ்சல், கணக்குக்குக் கொடுத்த மின்னஞ்சல் முகவரி, ‘ஸ்டீம் கார்ட்’ (Steam Guard) என்ற கணக்குப் பாதுகாப்பு வசதியை அமைக்கும்போது தரும் மீட்புக் குறியீடு. கடைசியதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் உங்கள் கணக்குக்குள் நீங்களே நுழைய முடியாமல் நிற்பீர்கள்.

5. இன்ஸ்டால் செய்யும்போது இரண்டு பொறிகள்

திருத்தப்படாத பழைய பதிப்பை (ஃபால்அவுட் போன்றவை) ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டரில் போடாதீர்கள். இவை சேவ் கோப்பைத் தாம் இருக்கும் ஃபோல்டரிலேயே எழுதப் பார்க்கும், விண்டோஸ் அங்கே எழுத விடாது. டி டிரைவில் ‘கேம்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதில் போடுங்கள்.

என்ஹான்ஸ்ட் எடிஷன்கள் சேவ்களை ‘டாக்குமெண்ட்ஸ்’ ஃபோல்டரில் வைக்கும். உங்கள் லேப்டாப்பில் ஏதாவது கிளவுட் சேவை அந்த ஃபோல்டரைத் தானாக ஏற்றி இறக்குகிறது என்றால், ஆடும்போது அதை நிறுத்திவையுங்கள். சேவ் எழுதும் நேரத்தில் அதுவும் கை வைத்தால் குழப்பம்.

6. இரண்டு வாரம் தனியாக ஆடுங்கள்

நான்கு பேரும் ஒன்றும் தெரியாமல் ஒரே இரவில் இறங்கினால் முதல் குகையிலேயே கூட்டம் கலைந்துவிடும். ஒவ்வொருவரும் தனியாக ஆறேழு மணி நேரம் ஆடிவிட்டு வரட்டும். கற்றுக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்.

ஸ்பேஸ் பார் அடித்தால் ஆட்டம் நிற்கும். நிறுத்தி, ஆளாளுக்குக் கட்டளை கொடுத்து, மறுபடி ஓட விடுங்கள். எதிரி தெரிந்தவுடன் தானாக நிற்கும்படி அமைப்பிலும் வைக்கலாம். என்ஹான்ஸ்ட் எடிஷன்களில் டேப் விசையை அழுத்திப் பிடித்தால் கதவுகளும் பெட்டிகளும் ஒளிரும். கியூ அடித்தால் சேவ்.

ஏசி என்று ஒரு எண் வரும், கவசம் எவ்வளவு காக்கிறது என்பதன் அளவு. பால்டர்ஸ் கேட்டிலும் ஐஸ்விண்ட் டேலிலும் இந்த எண் குறையக் குறைய நல்லது. 10 என்றால் வெறும் உடம்பு, 2 என்றால் நல்ல கவசம். மே மாதச் சென்னையில் இருப்பவர்களுக்கு இதை நினைவில் வைப்பது சுலபம்: ஏசி எண் இறங்கினால் சுகம். உங்கள் அடி எதிரி மேல் படுமா என்று கணக்கிடும் தாக்கோ என்ற எண்ணும் அப்படியே. இந்தக் கேம்களுக்கு அடிப்படையான ‘டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் அடுத்த பதிப்பு விதிகளை நெவர்விண்டர் நைட்ஸ் பின்பற்றுவதால் அங்கே தலைகீழ், ஏசி கூடினால்தான் நல்லது.

மந்திரவாதியாக ஆசைப்படுபவரை முன்பே எச்சரியுங்கள். முதல் லெவலில் மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி அடிப்படையில் நான்குதான். ஓர் அம்பு போதும். ஆனால் உறக்க மந்திரத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒரு கும்பலையே படுக்க வைத்துவிடுவார், மற்றவர்கள் போய் வெட்ட வேண்டியதுதான். என் சித்தி மகள் எங்கள் முதல் ஓர்க் குகையை அப்படித்தான் கடத்திவிட்டாள். அதுவரை அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

தனியாகவே ஆடப் போகிறவர்கள் ஃபால்அவுட்டில் தொடங்கினால் ஒன்றை மறக்காதீர்கள். நிலவறை மக்களுக்குத் தண்ணீர்ச் சில்லு கொண்டுவர 150 நாள் கெடு. ஊர் சுற்றுவதிலும் காயம் ஆற ஓய்வெடுப்பதிலும் நாள்கள் ஓடும். ஃபால்அவுட் 2ல் கெடு கவலை இல்லை, ஆனால் தொடக்கக் கோயிலில் துப்பாக்கி கிடையாது. துப்பாக்கித் திறனில் மட்டும் புள்ளி போட்டவர் ஈட்டியோடும் எறும்புகளோடும் திண்டாடுவார்.

7. கிழமையையும் நேரத்தையும் எழுதி முடிவு செய்யுங்கள்

நாங்கள் ‘ஃப்ரீயா இருக்கும்போது ஆடலாம்’ என்று தொடங்கினோம். நான்கு பேரும் ஒரே நேரத்தில் ஃப்ரீயாக இருந்ததே இல்லை. இப்போது சனி இரவு 9:30 முதல் 11:45 வரை. 9:15க்கே குரல் அழைப்பில் வந்துவிட வேண்டும். டிஸ்கார்டில் ஓர் இலவச அறை போதும், வாட்ஸ்அப் குழு அழைப்பும் பரவாயில்லை. ஒருவர் வராவிட்டால் அவருடைய பாத்திரத்தை ஹோஸ்ட் இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்கலாம், ஆட்டம் நிற்காது. இரண்டு பேர் வராவிட்டால் ரத்து.

பால்டர்ஸ் கேட் வகை கேமில் ஒரு பகுதியை விட்டு வெளியேற எல்லாரும் ஓரிடத்தில் கூட வேண்டும். ஒருவன் சொல்லாமல் டீ போடப் போனால் மற்ற மூவரும் வாசலில் நிற்க வேண்டியதுதான். எழுந்து போகுமுன் சொல்லிவிட்டுப் போவது என்று ஒரு விதி வையுங்கள். கூட்டத்தின் தங்கம் ஒரே பை. கடையில் யார் செலவழிப்பது, ஊர்க்காரர்களிடம் யார் பேசுவது, யார் ஆட்டத்தை நிறுத்தலாம் என்பதையெல்லாம் ஹோஸ்ட் ஆளுக்கு ஆள் அனுமதி கொடுத்தோ மறுத்தோ வைக்க முடியும். முதல் இரவு எங்கள் பெரம்பூர்க்காரன் மொத்தக் காசையும் ஒரு கோடரியில் போட்டான். அடுத்த வாரம் அவன் அனுமதி போனது.

8. நான்கு வீட்டையும் ஒரே வலையில் கொண்டுவருவது

அதிக நேரம் தின்றது இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

யூடியூபில் பார்த்தால் ‘ரூட்டரில் போர்ட் (வெளியிலிருந்து கேமுக்குள் வரும் வழி) திறந்துவிடு’ என்பார்கள். நெவர்விண்டர் நைட்ஸுக்கு யூடிபி 5121 என்று எண்ணையும் சொல்வார்கள். நானும் திறந்தேன், மூன்று சனிக்கிழமை திறந்தேன். நம் ஊரில் பல வீட்டு இணைப்புகளில் அது வேலைக்கு ஆகாது. காரணம், இணைய நிறுவனம் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைக் கொடுத்திருக்கும். உங்கள் ரூட்டரில் நீங்கள் திறக்கும் கதவு அடுக்குமாடிக்குள் இருக்கும் உங்கள் ஃபிளாட்டின் கதவு. தெருக் கதவுச் சாவி அவர்களிடம்.

சோதிப்பது எளிது. ரூட்டரின் அமைப்புத் திரையில் ‘வேன் ஐபி’ (WAN IP) என்று இருக்கும் எண்ணையும், ‘என் ஐபி என்ன’ என்று கூகுளில் தேடினால் வரும் எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறு என்றால், அல்லது வேன் ஐபி 100.64 முதல் 100.127 வரையிலோ 10 என்றோ தொடங்கினால், போர்ட் திறப்பதில் பயனில்லை. எனக்கு இதைச் சொல்ல வாடிக்கையாளர் சேவையில் யாரும் முன்வரவில்லை. மூன்று முறை ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். நிலையான ஐபி கேட்டு வாங்கலாம், ஆனால் பொதுவாக அதற்கு மாதக் கட்டணம் தனி. வாரம் ஒரு நாள் கேமுக்கு அது வீண்.

செலவில்லாத வழி, நான்கு மெஷினும் ஒரே வீட்டில் இருப்பதுபோல் காட்டும் ஒரு மென்பொருள். சீரோடயர், டெயில்ஸ்கேல், ராட்மின் விபிஎன் மூன்றிலும் இலவச வழி உண்டு. நாங்கள் சீரோடயரில் நின்றோம். ஹோஸ்ட் அதன் தளத்தில் ஒரு வலையை உருவாக்கினால் 16 எழுத்து அடையாளம் ஒன்று கிடைக்கும், மற்றவர்கள் அதைத் தங்கள் மென்பொருளில் இட வேண்டும். இத்தோடு முடிந்தது என்று நினைத்து நாங்கள் ஒரு மணி நேரம் விழித்தோம். ஹோஸ்ட் திரும்பத் தளத்துக்குப் போய் ஒவ்வொருவரையும் அனுமதிக்க வேண்டும். அனுமதித்ததும் ஆளுக்கு ஒரு முகவரி வரும். ஹோஸ்டின் முகவரியை மற்றவர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது விண்டோஸ் ஃபயர்வால். முதல் முறை கேமை ஹோஸ்ட் செய்யும்போது ஒரு பெட்டி எழும்பி அனுமதி கேட்கும். தனியார், பொது இரண்டு கட்டங்களையும் டிக் செய்யுங்கள், ஏனென்றால் இந்த மாய வலையை விண்டோஸ் பெரும்பாலும் பொது வலையாகவே கருதும். அவசரத்தில் ‘கேன்சல்’ அடித்திருந்தால் ஃபயர்வால் அமைப்புக்குப் போய் கையால் மாற்ற வேண்டும்.

கேமின் பதிப்பு எண் நான்கு மெஷினிலும் ஒன்றாக இருக்கட்டும். மோட் (கேமை மாற்ற ரசிகர்கள் செய்யும் கூடுதல் கோப்பு) போட்டிருந்தால் எல்லாரிடமும் அதே மோட். இதையெல்லாம் வெள்ளிக்கிழமை இரவே பத்து நிமிடம் சோதித்துவிடுங்கள். சனிக்கிழமை 9:30க்குச் சோதிக்கத் தொடங்கினால் 11 மணிக்கு ஒருவர் கொட்டாவி விடுவார், அத்தோடு போச்சு.

9. ஒரே வீட்டில் கூடுவதாக இருந்தால்

எட்டாம் படியைத் தாண்டிப் போங்கள். வீட்டு ரூட்டரில் நான்கு லேன் துளைகள் இருந்தால் அதுவே போதும். ஆளாளுக்குத் தன் சார்ஜர், தன் மவுஸ். நான்கு சார்ஜரையும் ஏசி மாட்டியிருக்கும் பாயிண்டில் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகாதீர்கள். மெட்ரோவில் வருபவர்கள் இருந்தால், கடைசி ரயில் முனையங்களிலிருந்து 11 மணிக்குக் கிளம்பும் என்பதால் 10:15க்கு நிறுத்துங்கள். பரோட்டா சாப்பிட்ட கையோடு மவுஸைத் தொடாதீர்கள், என் மவுஸ் இன்னும் சால்னா வாசம் அடிக்கிறது.

10. சேவ், மின்வெட்டு, ஹோஸ்ட் மாற்றம்

கூட்டு ஆட்டத்தின் சேவ் ஹோஸ்டின் மெஷினில் மட்டுமே இருக்கும். எங்கள் ஐந்தாவது சனிக்கிழமை போனது இதில். ஹோஸ்டாக இருந்த அண்ணா நகர்க்காரனின் லேப்டாப் ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது. நான்கு மணி நேர ஆட்டம் அதோடு போனது.

டாக்குமெண்ட்ஸுக்குள் கேமின் பெயரில் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தால் ‘சேவ்’, ‘எம்பிசேவ்’ என்று இரண்டு தெரியும். முதலாவது தனி ஆட்டம், இரண்டாவது கூட்டு ஆட்டம். ஆடி முடித்ததும் எம்பிசேவில் உள்ள கடைசி ஃபோல்டரை ஜிப் செய்து குழுவில் போட்டுவிடுவது ஹோஸ்டின் வேலை. அடுத்த வாரம் அவர் வர முடியாவிட்டால், இன்னொருவர் அதைத் தன் எம்பிசேவ் ஃபோல்டரில் வைத்து அங்கிருந்தே நடத்தலாம். தனியாக ஆடிய ஆட்டத்தைக் கூட்டாகத் தொடர விரும்பினாலும் ‘சேவ்’ ஃபோல்டரிலிருந்து இங்கே நகல் எடுத்தால் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரூட்டர் ஓடாது. ரூட்டருக்கென்றே சிறிய யூபிஎஸ் ஆயிரம் ரூபாயிலிருந்து கிடைக்கிறது. ஹோஸ்ட் வீட்டில் மட்டுமாவது அது இருக்கட்டும். ஹோஸ்டின் விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரத்துக்கு நிறுத்திவையுங்கள். பெரிய சண்டைக்கு முன் ஒரு சேவ், இடி சத்தம் கேட்டால் இன்னொரு சேவ்.